நம்பாதோர் நாட்டில் சமயத்தின் இடம்

ஒரு பொருளுக்கு இடம் உண்டா என்று வினவுமுன், அப்பொருள் யாது என்பதையும் அதனை எவ்வளவைகொண்டு அளப்பது என்பதையும் வரையறுத்துக்கொள்வது அறிவியலின் முதற்கடன். இன்றைய குமுகாயத்தில் சமயத்திற்கு இடம் உண்டா என்னும் வினா இரு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டும் தீராமல் நிற்பதற்குத் தலையாய கரணியம், வினவுவோருள் பலர் இக்கடனைச் செய்யாது விடைக்கு விரைந்தமையே. கடவுள் உண்டென்பாரும் இல்லையென்பாரும், சமயம் என்பது உலகைப் பற்றிய ஒரு கூற்று என்பதில் மட்டும் உடன்பட்டனர். கூற்று மெய்யாயின் சமயம் நிலைக்கும், பொய்யாயின் தானே உதிரும் என்று இரு சாராரும் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ வேறு. கூற்றை நம்பாதோர் பெருகிய நாடுகளிலும் சமயத்தின் சில உறுப்புகள் உதிரவில்லை. நம்புவோர் மிகுந்திருந்த காலத்திலேயே அதன் வேறு சில உறுப்புகள் ஓசையின்றி அரசின் கைக்கு மாறத் தொடங்கின.

பிரஞ்சுக் குமுகவியலார் எமில் துர்கைம் 1912-இல் வெளியிட்ட பெருநூல் இவ்வினாவை வேறு தளத்தில் நிறுத்தியது. பொதுப் பொருள்களினின்று பிரித்துத் தூயவையென ஒதுக்கி வைக்கப்பட்டவற்றைச் சூழ்ந்து நிற்கும் நம்பிக்கைகளும் செய்முறைகளும், தம்மைக் கைக்கொள்வோர் அனைவரையும் ஓர் அறக்குழுவாகப் பிணைக்குமாயின், அவ்வமைப்பே சமயம் என்பது அவர் கொண்ட வரையறை. கடவுட்கொள்கைக்கு முதன்மை தராத புத்த நெறியும் அதனுள் அடங்கும். இதன்வழி நோக்கின், சமயம் என்பது ஒரு தனிப்பொருளன்று, பல பணிகளின் கட்டு என்பது விளங்கும். உலகம் ஏன் இவ்வாறு இயங்குகிறது என விளக்குவது ஒரு பணி. மக்களை எண்ணிப் பதிந்து ஒழுங்குறுத்துவது மற்றொன்று. உறவல்லாதாரையும் உறவாகப் பிணைப்பது பிறிதொன்று. பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் உடன் நிற்பது இன்னுமொன்று. இப்பணிகளுள் எது எவர் கைக்குச் சென்றது, எது இன்னும் செல்லவில்லை என்று தனித்தனியே கணக்கெடுத்தால்தான் இடம் பற்றிய வினாவுக்கு விடை கிடைக்கும்.

இவ்வாறு பிரித்துப் பாராமையின் விளைவைக் குமுகவியலே பட்டறிந்தது. மாந்த அறிவு இறைநிலை, மெய்யியல்நிலை, அறிவியல்நிலை என்னும் மூன்று படிகளில் ஏறுமென ஆகசுட்டு கோம்ட்டு கூறினார். அறிவியல் வளர வளர உலகத்தின் மருள் நீங்கும் என்பதை மாக்சு வேபர் 1917-ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் விளக்கினார். இவற்றின் வழிவந்த உலகியலாக்கக் கோட்பாடு, குமுகாயம் புதுமையுறும் அளவிற்குச் சமயம் தேயும் என்று முடிவு கட்டியது. 21-ஆம் நூற்றாண்டில் சமயத்தார் சிறு சிறு குழுக்களாக ஒடுங்கியிருப்பர் என்று 1968-இல் கூறிய பீட்டர் பெர்கரே, 1999-இல் தாம் தொகுத்த நூலில் அக்கோட்பாடு அடிப்படையில் தவறென எழுதினார். தாம் நட்ட மரத்தைத் தாமே வெட்டும் துணிவு அறிஞரிடையே அரிது. அதனைப் பாராட்டலாம், ஆயினும் முழு மரத்தையும் அவர் வெட்டியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இடைப்பட்ட 1994-இல் ஒசே காசனோவா காட்டியபடி, அக்கோட்பாட்டினுள் மூன்று வெவ்வேறு கூற்றுகள் ஒன்றாய்ச் சுருட்டப்பட்டிருந்தன. அரசும் பொருளியலும் அறிவியலும் சமயத்தினின்று பிரிந்து தனித்தியங்கும் என்பது ஒன்று. நம்பிக்கை குறையும் என்பது இரண்டாவது. சமயம் பொதுவெளியை விட்டு இல்லத்துள் ஒடுங்கும் என்பது மூன்றாவது. முதற்கூற்றுப் பெரிதும் மெய்ப்பட்டது. மற்றவை சில நாடுகளில் மெய்ப்பட்டன, சிலவற்றில் பொய்த்தன. முதலாவதைப் பணிப்பிரிகை என்போம்.

பணிப்பிரிகையைத் தெளிவாகக் காண ஏற்ற ஆய்வுக்களம் சுவீடன். உலகில் மிகக் குறைந்த சமயப்பற்றுடைய நாடுகளுள் ஒன்றென அது பெயர் பெற்றது. ஆனால் அதன் திருஅவை விட்டுச்சென்ற ஏடுகளோ, வேறெந்நாட்டாரும் பொறாமைகொள்ளத் தக்கவை. 1593-இல் உப்சாலாவில் கூடிய அவை நாட்டின் நெறி இலூத்தர் நெறியே என உறுதி செய்தது. 1686-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டம், குடிமக்கள் ஒவ்வொருவரும் மறையின் அடிப்படைகளைக் கற்றிருத்தல் வேண்டுமென விதித்தது. பங்கின், அதாவது ஒரு கோயிலின் ஆளுகைக்குட்பட்ட ஊர்ப்பகுதியின், அருட்பணியாளர் ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று, ஒரு வீட்டில் அண்டை அயலாரையெல்லாம் கூட்டி, தலைவன், தலைவி, பிள்ளைகள், பணியாட்கள் என்று வரிசையாக நிறுத்தி, படிக்கச் சொல்லிக் கேட்பார்; மறைவினாவிடை ஒப்பிக்கச் செய்வார். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நன்கு படிக்கிறார், ஓரளவு படிக்கிறார், தடுமாறுகிறார் என்பதற்குரிய குறிகளை ஏட்டிலிடுவார். உழுகுடிப் பெண்ணொருத்தியின் படிப்புத்திறன் ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறிற்று என்பதை இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் நாம் காண முடிகிறதென்றால், அது இக்குறிகளால்தான். எழுதத் தெரிந்தோர் சிலராகவும் படிக்கத் தெரிந்தோர் மிகப் பலராகவும் இருந்த வியப்பான குமுகாயம் அவ்வாறு உருவாயிற்று.

அதன்மேல் 1749-இல் அரசு ஒரு புதிய கடனை ஏற்றியது. பங்குதோறும் பிறந்தோர் எத்துணையர், இறந்தோர் எத்துணையர், இறந்தோரின் அகவை என்ன, பால் என்ன, எந்நோயால் இறந்தனர், உயிரோடிருப்போர் எவ்வெவ்வகவையினர் என்று அச்சிட்ட படிவங்களில் நிரப்பி அருட்பணியாளர் மேலிடத்திற்கு அனுப்ப வேண்டும். ஒரு நாடு முழுமைக்கும் அறுபடாது கிடைக்கும் மக்கள்தொகைக் கணக்குகளுள் உலகில் மிகத் தொன்மையானது இவ்வாறு பிறந்தது. கூட்டிப் பார்த்தபோது மக்கள்தொகை எதிர்பார்த்ததினும் குறைவாயிருந்தமையின், பகைவர் அறிந்துவிடுவரோ என அஞ்சி அரசு அதனைச் சில காலம் மறைத்தே வைத்தது என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

இக்கணக்குகளை ஆய்ந்தவர் பெர் வார்கெந்தின் என்னும் வானியலார். வியாழனின் நிலவுகள் மறைந்து தோன்றும் பொழுதுகளைக் கணித்து வந்த அவர், சுவீடன் அறிவியல் கழகத்தின் செயலாளராயிருந்து 1766-இல் இறப்புப் பட்டியலை வெளியிட்டார். அவர்க்கு முன்னரே, 1693-இல், எட்மண்டு ஏலி என்னும் மற்றொரு வானியலார் பிரெசுலாவு நகரின் இறப்புக் கணக்கைக்கொண்டு அத்தகைய பட்டியலொன்றை அமைத்திருந்தார். அக்கணக்கைத் திரட்டியளித்தவரும் ஓர் அருட்பணியாளரே. ஏலியின் கையில் பிறந்தோர் தொகையும் இறந்தோர் தொகையுமே இருந்தன. ஒவ்வோர் அகவையிலும் உயிரோடிருப்போர் எத்துணையர் என்பது எண்ணப்படவில்லை. வார்கெந்தினிடமோ இரண்டும் இருந்தமையால், ஓர் அகவையில் இறந்தோரை அவ்வகவையில் வாழ்வோரால் வகுத்து, இறக்கும் வாய்ப்பை நேரடியாகவே கணிக்க முடிந்தது. கோள்களின் ஒழுங்கைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, இறைவன் திருவுளம் என்று கோயிலில் ஓதப்பட்ட இறப்பினுள்ளும் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. அவ்வொழுங்கைப் புலப்படுத்திய ஏட்டை எழுதியவரும் அதே கோயிலில் ஓதியவரே.

1816-இல் பெரியம்மைக்கு அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டபோது, சிற்றூர்களில் அவ்வூசியைப் பிடித்தவருள் பலர், கோயில் மணியடித்துப் பாட்டை நடத்திவந்த பணியாளர்கள். விளக்கும் பணி அறிவியலுக்குச் சென்றது என்பர். உண்மையே, அது முற்றாகச் சென்றுவிட்டது, திரும்பி வரவும் வேண்டா. ஆனால் அது பறித்துச் செல்லப்பட்டதன்று. கணக்கிடும் கருவியைச் சமயமே செய்து, அறிவியலின் கையில் ஒப்படைத்தது. எண்ணும் பணியோ இன்னும் நெடுங்காலம் தங்கியது. 1991 சூன் இறுதிவரை சுவீடனில் ஒருவர் பிறந்தார், இடம் பெயர்ந்தார், இறந்தார் என்று பதிந்துகொண்டிருந்தது திருஅவையின் பங்கு அலுவலகமே; அடுத்த நாள் முதல் அது வரித்துறையின் பொறுப்பாயிற்று. அம்மாற்றத்தால் எவருடைய நம்பிக்கையும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இவ்வொழுங்கின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. எண்ணத் தெரிந்த கை இறுக்கவும் செய்தது. அருட்பணியாளர் இன்றி வீடுகளில் கூடி வழிபடுவதை 1726-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; அத்தடை 1858 வரை நீடித்தது. வேறொரு சமயக்குழுவில் சேராமலே திருஅவையை விட்டு விலகும் உரிமை, 1951-இல் இயற்றப்பட்ட சமய விடுதலைச் சட்டத்தால்தான் கிட்டியது. இத்தடைகளால் நெருக்குண்டோருள் எரிக் யான்சன் என்பவரைப் பின்பற்றிய உழவர்கள் உளர். அவர்கள் 1846-இல் கடல் கடந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உடைமையெல்லாம் பொதுவாகக் கொண்ட குடியிருப்பொன்றை அமைத்தனர். வாந்திபேதி பலரைக் கொள்ளை கொண்டது. 1850-இல் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் மேலும் பத்தாண்டுக்குமேல் அக்குடியிருப்பு உடையாமல் நின்றது.

உடையாமல் நின்றது எதனால் என்னும் வினாவே பிணைக்கும் பணியின் அறிவியல். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சமயவழி எழுந்தனவும், சமயமின்றிப் பொதுவுடைமைக் கொள்கைவழி எழுந்தனவுமாய்ப் பல கூட்டுக் குடியிருப்புகள் இருந்தன. அவற்றுள் 83-ஐ எடுத்து ரிச்சர்டு சோசிசு, எரிக் பிரெசுலர் என்னும் ஆய்வாளர் இருவர் 2003-இல் ஒப்பிட்டனர். உணவுக் கட்டுப்பாடு, உடைக் கட்டுப்பாடு, உடைமை துறத்தல் என்று உறுப்பினரிடம் எத்துணை மிகுதியாகக் கேட்டனவோ, அத்துணை நெடிது வாழ்ந்தன சமயக் குடியிருப்புகள். கொள்கைக் குடியிருப்புகளில் அதே கட்டுப்பாடுகள் அப்பயனைத் தரவில்லை. ஒருவன் குழுவுக்கு உண்மையானவன் என்பதைச் சொல்லால் எளிதிற் பொய்க்கலாம், ஈகத்தால் பொய்ப்பது கடினம். இதனை ஈகச்சான்று என்று குறிப்போம். ஈகச்சான்று ஏன் சமயத்தின் கையில் மட்டும் நன்கு வேலை செய்கிறது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம், துர்கைமின் வரையறைக்கே திரும்புகிறது: தூயதென ஒதுக்கப்பட்ட ஒன்றின்பொருட்டு இடப்பட்ட கட்டளையை ஆராய்ந்து தள்ளுதல் எளிதன்று, பயன் கருதி இடப்பட்ட கட்டளையோ, பயன் ஐயுறப்பட்ட அன்றே தளரும்.

இதற்கொரு சான்று தமிழரிடமிருந்தே வந்தது. மொரீசியசுத் தீவில் தமிழ் வழியினர் தைப்பூசத்தன்று அலகு குத்தி, காவடி சுமந்து, வெயிலில் நெடுந்தொலைவு நடந்து முருகன் கோயிலுக்கு ஏறுவர். திமித்திரிசு சிகலாட்டாசும் உடன் ஆய்வாளரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கோயிலில் கூடிப் பாடி வழிபட்டோர், காவடி சுமந்தோர், சுமந்தோருடன் நடந்தோர் ஆகியோர்க்கு வினாத்தாள் ஒன்றுக்கு விடையளித்தமைக்காகக் காசு கொடுத்தனர். பின்னர் எவரும் காணாத இடத்தில், அதிலிருந்து அறக்கொடைக்கு எவ்வளவு வேண்டுமாயினும் இடலாம் என்றனர். வெறும் வழிபாட்டிலிருந்து வந்தோரைவிடக் காவடியிலிருந்து வந்தோர் தெளிவாகவே மிகுதியாக ஈந்தனர். உடலில் ஓர் அலகும் குத்தாமல் உடன் நடந்தோரும் அவர்க்குக் குறைந்து ஈயவில்லை. நோவை மிகுதியாக உணர்ந்ததாகச் சொன்னோர் மிகுதியாக ஈந்தனர். நோவு ஒருவர் உடலில் நிகழ்கிறது, ஆனால் அதன் விளைவு கூட்டத்தின்மேல் பரவுகிறது. நகர்ப்புறக் கல்வியாளர் பலர் முகம் சுளிக்கும் இவ்வழிபாட்டை நான் புகழவும் வரவில்லை, இகழவும் வரவில்லை. அளக்கத்தக்கதொரு வேலையை அது செய்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

மீண்டும் சுவீடனுக்கு. 2000 சனவரி முதல் நாளன்று திருஅவை அரசினின்று பிரிந்தது. 1972-இல் மக்களுள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் உறுப்பினர், பிரிந்த ஆண்டில் 83, 2020-இல் 55. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வருவோர் மிகச் சிலர். இவ்வெண்களை மட்டும் கொண்டால் கதை முடிந்தது.

ஆனால் இடுகாட்டுக்குச் செல்க. நாட்டின் பொதுக் கல்லறைத் தோட்டங்களைப் பேணும் பொறுப்பு, தலைநகர் இசுடாக்கோமும் திரனோசு என்னும் சிறு நகரும் நீங்கலாக, எங்கணும் இன்றும் சட்டப்படி திருஅவையின் கையிலேயே உள்ளது. உறுப்பினராயினும் அல்லராயினும், வருவாயுடையோர் அனைவரும் வருவாயில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த அடக்கக் கட்டணத்தை வரியோடு சேர்த்துச் செலுத்துகின்றனர். அதற்கு ஈடாகத் திருஅவை எவர்க்கும் கல்லறையிடம் தர வேண்டும். கிறித்தவர் அல்லாதார்க்கும் அவர்தம் முறைக்கேற்ற இடம் காட்ட வேண்டும். விரும்புவோர்க்குச் சிலுவையோ வேறெந்தச் சமயக் குறியோ இல்லாத கூடமொன்றையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். உறுப்பினரல்லாதார் நலம் காக்க அரசு ஒரு கண்காணியையும் அமர்த்துகிறது. கடவுளை நம்பாதவனின் இறுதிச் செலவுக்குச் சிலுவையற்ற கூடத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பது திருஅவைப் பணியாளரின் அன்றாட வேலை. இவ்வொழுங்கை முரண் என்று நகைப்பாரும் உளர்; பணிப்பிரிகை எவ்வளவு நுட்பமாக நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த காட்டு நான் அறியேன்.

1994 செப்டம்பர் 28-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், தாலினிலிருந்து இசுடாக்கோம் நோக்கி வந்த எசுத்தோனியா என்னும் கப்பல் பால்டிக்குக் கடலில் புயலிடை மூழ்கியது. இறந்தோர் 852 பேர்; அவருள் 501 பேர் சுவீடனைச் சேர்ந்தோர். அன்று அந்நாட்டுக் கோயில்கள் திறந்து வைக்கப்பட்டன. ஆண்டு முழுதும் எட்டிப் பாராதோர் திரள் திரளாக வந்து மெழுகுதிரி ஏற்றினர். இரும்பு வளையங்களால் உலக உருண்டை வடிவிற் செய்து, திரிகளைச் செருகி வைக்கும் தாங்கி அந்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் உண்டு. உலகத் திருஅவைகள் மன்றம் 1968-இல் உப்சாலாவில் கூடியபோது அங்குள்ள பேராலயத்திற்கென வடிக்கப்பட்டது அவ்வடிவம்; மறைவினாவிடையில் இல்லாத இப்பழக்கம் இலூத்தர் நெறியார்க்குப் புதிது. நம்பிக்கையாளர் சிலர் ஆண்டு முழுதும் செய்யும் வழிபாட்டை, செய்யாத பலர் தம்பொருட்டும் செய்யப்படுவதாகக் கருதி, வேண்டும்போது வந்து சேர்ந்துகொள்ளும் இந்நிலையைப் பிரித்தானியக் குமுகவியலார் கிரேசு தேவி ஆய்ந்து விளக்கினார். தமிழில் இதனை நிகராள் வழிபாடு எனலாம்.

அதனினும் ஆழ்ந்ததொன்று அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. இறந்தோருள் பெரும்பாலோரின் உடல் மீட்கப்படவில்லை. ஆதலின் 1995-இல் சுவீடன், பின்லாந்து, எசுத்தோனியா ஆகிய மூன்று அரசுகளும் உடன்படிக்கை செய்து, கப்பல் கிடக்கும் கடற்பரப்பைக் கல்லறையெனச் சாற்றின. அங்கு மூழ்கி இறங்குவதைச் சுவீடன் தன் சட்டத்தால் குற்றமாக்கியது. பிற்காலத்தில் மூழ்கியதன் ஏதுவை மீண்டும் ஆராயவேண்டி, அவ்வாய்வுக்கு மட்டும் வழிவிட்டுச் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. பொதுப் பொருளினின்று ஒன்றைப் பிரித்து, தூயதென ஒதுக்கி, மீறுவோரை ஒறுப்பது என்று துர்கைம் எதனைச் சமயத்தின் வேரெனக் காட்டினாரோ, அதனையே புதுமை முற்றிய அரசுகள், எந்தத் திருஅவையின் வேண்டுதலும் தேவைப்படாமல், தம் சட்டமன்ற மொழியில் செய்தன. உடன்நிற்கும் பணியைச் சமயத்திடமிருந்து அரசு எடுத்துக்கொள்ளும்போது, சமயத்தின் செய்முறையையும் உடன் எடுத்துக்கொள்ள நேர்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சுவீடனில் பிறப்போருள் பாதிக்கும் குறைவானோரே இன்று திருமுழுக்குப் பெறுகின்றனர், இறப்போருள் பெரும்பாலோர் திருஅவைச் சடங்கோடு அடக்கம் செய்யப்படுகின்றனர் என்பதை எடுத்துக்காட்டி, இறப்பில் சமயத்தின் இடம் அழியாதென நிறுவ முற்படுவோர் உளர். அது பிழையான கணக்கு. இன்று இறப்போர் எண்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்தோர். இன்று பிறப்போரோ வேறு தலைமுறையினர். ஐரோப்பாவில் சமயத்தின் தேய்வு, வளர்ந்தோர் நம்பிக்கையை இடையில் இழப்பதால் நிகழ்வதைவிட, ஒவ்வொரு தலைமுறையும் தன் முன்னதைவிடச் சற்றுக் குறைந்த பற்றோடு வளர்வதால் நிகழ்வதே மிகுதி என்று குமுகவியலார் தேவிடு வோவாசு காட்டியுள்ளார். இத்தலைமுறை மாற்றீட்டைக் கழித்துப் பாராதவரை, பிறப்பு எண்ணையும் இறப்பு எண்ணையும் அருகருகே வைப்பதால் ஒன்றும் புலனாகாது.

கழித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்துகொண்டிருக்கிறது. 1996-க்கு முன் பெற்றோருள் ஒருவர் உறுப்பினராயின் பிள்ளையும் பிறப்பாலேயே உறுப்பினர். அவ்வாண்டு முதல் திருமுழுக்கே வாயில். அவ்வாயிலுக்குள் நுழையாமல் வளர்ந்த தலைமுறை முதுமை எய்தும்போது, இறுதிச் சடங்கும் திருமுழுக்கின் அளவுக்கே இறங்குமாயின், இன்று நாம் காண்பது பழைய தலைமுறையின் எச்சம் மட்டுமே. அவ்வளவுக்கு இறங்காமல் நிற்குமாயின், உடன்நிற்கும் பணிக்கு நம்பிக்கையைச் சாராத தனிவேர் உண்டு. திருஅவையின் பங்கு குறையும், ஆனால் சடங்கு குறையாது, சிலுவையற்ற கூடத்தில் புதிய முறைகள் தழைக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. அடக்கப் பணியை நகராட்சியே நடத்தும் இசுடாக்கோமும் திரனோசும், ஒன்று பெருநகர், மற்றொன்று சிறு நகர் என நிற்பதால், திருஅவை நடத்தும் ஒத்த ஊர்களோடு அவற்றை ஆண்டுதோறும் ஒப்பிட்டு இவ்வெதிர்பார்ப்பை இப்போதிருந்தே ஆராயத் தொடங்கலாம்; அதற்கு வேண்டிய பதிவேடுகள் அந்நாட்டில் குறையின்றி உள்ளன.